டிராவல்ஸ் கடையும் தொழில் மையமும்: டெல்டாப் பையனுக்கு முன்னால் இரண்டு கவுண்டர்கள்

மன்னார்குடி, பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி, பேராவூரணி என்று எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலும் கூப்பிடு தூரத்தில் ஒரு டிராவல்ஸ் கடை இருக்கும். கண்ணாடிக் கதவு, மேசைமேல் பொம்மை விமானம், விசா அடித்துப் போன பையன்களின் படங்கள் ஒட்டிய சுவர். சொந்தத் தொழில் தொடங்க அரசு மானியத்தோடு வங்கிக் கடனுக்குப் பரிந்துரைக்கும் மாவட்டத் தொழில் மையம் எங்கே இருக்கிறது என்று அதே வட்டாரத்துப் பையனைக் கேட்டால் பெரும்பாலும் தெரியாது. கலெக்டர் ஆபீஸ் பக்கம் எங்கேயோ இருக்கும் என்பான்.

ஒரு மிக்ஸி வாங்கவே இரண்டு கடை ஏறி விலை விசாரிக்கிறோம். நாலு லட்சம் கட்டிச் சிங்கப்பூர் போவதா, பத்து லட்சம் கடன் எடுத்து ஊரில் தொழில் வைப்பதா என்ற இடத்தில் மட்டும் விசாரணை நடப்பதில்லை. இங்கே இந்த இரண்டு சேவைகளையும் கடைக்குக் கடை ஒப்பிடுவது போலவே பார்க்கலாம்: வரவேற்பு எப்படி, விலை என்ன, சொன்ன சரக்குதான் வருகிறதா, பழுதானால் யார் பொறுப்பு.

கூட்டம் ஏன் அங்கே போகிறது

முதலில் வயல் கணக்கு. நன்றாக விளைந்தால் ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையில் 35 முதல் 40 கிடைக்கும். சராசரியாக 22 குவிண்டால் என்று வைப்போம். 2025-26 பருவத்துக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துச் சாதாரண ரகத்துக்குக் குவிண்டால் 2,500 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,545. ஏக்கருக்கு 55,000. உழவு, நாற்று, நடவு, உரம், மருந்து, அறுவடை மெஷின் வாடகை, கொள்முதல் நிலையம் வரைக்கும் வண்டிக் கூலி எல்லாம் போக இருபதாயிரம் நின்றால் அது நல்ல போகம். இரண்டு ஏக்கர் வைத்திருக்கிற வீட்டுக்கு இரண்டு போகமும் பழுதில்லாமல் வந்தால் வருஷத்துக்கு எண்பதாயிரம், மாசத்துக்கு ஏழாயிரம்கூட இல்லை. அதுவும் ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, தண்ணீர் கடைமடை வந்து சேர்ந்து, அறுப்பு நேரத்தில் மழை பெய்யாமல், கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் நின்றால்தான்.

இந்தக் கணக்கில் படித்த பையனுக்கு இடம் இல்லை. நடவுக்கும் அறுப்புக்கும் மெஷின் வந்துவிட்டது. மிச்சமிருப்பது சீசன் வேலை. அறுத்த நெல்லுக்குப் பிறகு வர வேண்டிய வேலையும் ஊரில் முழுசாகத் தங்குவதில்லை. கொள்முதல் செய்த நெல்லில் ஒரு பங்கு நீடாமங்கலம், தஞ்சாவூர், திருவாரூர் ஸ்டேஷன்களில் சரக்கு ரயில் ஏறி வெளி மாவட்ட அரவைக்குப் போகிறது. ஒரு டன் நெல்லில் உமி மட்டும் கிட்டத்தட்ட 200 கிலோ, தவிடு 70, 80 கிலோ. அந்த உமியில் ஓடும் பாய்லரும், தவிட்டில் பிழியும் எண்ணெயும், ஆலையில் நிற்கும் ஆளும் அந்த ரயிலோடு போய்விடுகிறார்கள்.

தென்னைப் பகுதியில் கதை வேறு. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்துப் போட்ட மரத்துக்குப் பதில் வைத்த கன்று காய்க்க வருஷக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில் வீட்டுக்கு ஒருவர் விமானம் ஏறியது பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

பழக்கமும் பழசு. ரஜூலா கப்பல் நாகப்பட்டினத்தில் ஆளேற்றிக்கொண்டு பினாங்கும் சிங்கப்பூரும் போய்வந்த காலத்திலேயே இந்தத் தடம் விழுந்துவிட்டது. அடுத்து வந்த சிதம்பரம் கப்பல் 1985-ல் தீப்பிடித்ததோடு கடல் வழி முடிந்தது. இப்போது திருச்சி ஏர்போர்ட். 2015-ல் எடுத்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு வெளிநாட்டில் இருக்கும் தமிழ்நாட்டுக்காரர்களைச் சுமார் 22 லட்சம் என்று கணக்கிட்டது; அதில் முதலிடம் சிங்கப்பூருக்கு. கல்யாண ஃப்ளெக்ஸில் நண்பர்கள் பெயருக்குப் பக்கத்தில் '(சிங்கப்பூர்)', '(துபாய்)' என்று அடைப்புக்குறி போடுகிற ஊர் இது. டிராவல்ஸ்காரர் விளம்பரத்துக்குத் தனியாகச் செலவு பண்ண வேண்டியதில்லை.

முதல் கவுண்டர்: டிராவல்ஸ்

வரவேற்பில் குறை சொல்லவே முடியாது. உட்கார நாற்காலி, குடிக்க டீ. "பாஸ்போர்ட்டைக் குடுத்துட்டுப் போங்க தம்பி, மிச்சத்த நான் பாத்துக்கறேன். ஐ.பி.ஏ. வந்தோன்ன நானே ஃபோன் அடிக்கிறேன்." (ஐ.பி.ஏ. என்பது சிங்கப்பூர் வேலை பெர்மிட்டுக்கான முன் அனுமதிக் கடிதம்.) படிவம் அவர் நிரப்புவார், மெடிக்கலுக்கு அவர் கூட்டிப் போவார், ஏர்போர்ட்டில் எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்பதுவரை சொல்லித் தருவார். பணம் இல்லை என்றால் வட்டிக்குக் கொடுக்கிற ஆளையும் அவரே காட்டுவார். முதல் தலைமுறையாக ஊரைத் தாண்டுகிற குடும்பத்துக்கு இந்தக் கைப்பிடிப்புதான் உண்மையான சரக்கு. விசா இரண்டாம்பட்சம்.

விலையில்தான் வினை. 1983-ன் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்த ஏஜென்ட் ஒருவர் வேலைக்குப் போகிறவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.; ஆக 35,400. ரசீது கொடுக்க வேண்டும். பஸ் ஸ்டாண்ட் கடைகளில் நடக்கிற தொகையை இதோடு வைத்துப் பார்த்தால் மயக்கம் வரும். பெரும்பாலானவை பதிவு செய்த ஏஜென்ட்டுக்குக் கீழே ஆள் பிடித்துக் கொடுக்கும் சப்-ஏஜென்ட் கடைகள். அப்படி ஒரு ஆளைச் சட்டம் ஏற்பதே இல்லை. சிங்கப்பூர்ப் பக்கமும் வரம்பு உண்டு: அங்கே லைசன்ஸ் உள்ள ஏஜென்சி தொழிலாளியிடம் வேலைக்காலம் ஒரு வருஷத்துக்கு ஒரு மாசச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் இரண்டு மாசச் சம்பளம்தான் வாங்கலாம். வேலை கொடுத்ததற்காக முதலாளி தொழிலாளியிடம் காசு வாங்குவது அங்கே குற்றம்.

கட்டிட வேலைக்கு 'டெஸ்ட் அடித்து', அதாவது திறன் தேர்வு தேறிப் போகிறவருக்கு ஒரு கணக்கு. பயிற்சி, தேர்வு, ஏஜென்ட் எல்லாம் சேர்த்து நாலு லட்சம் ஆனது என்று வைப்போம், இரண்டு வட்டிக்கு. மாசம் 8,000 வட்டி மட்டும். முதல் அப்படியே நிற்கும். அங்கே நாள் சம்பளம் 20 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றால் 26 நாளைக்கு 520. மணிக்கு இரண்டரை வெள்ளி, ஓ.டி.க்கு ஒன்றரை மடங்கு, அதாவது 3.75. சட்டப்படி ஓ.டி. மாசத்துக்கு 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. 60 மணி கிடைத்தால் 225. மொத்தம் 745 வெள்ளி. சாப்பாட்டுக்கு 150, ஃபோன் சோப்பு சில்லறைக்கு 25 போனால் 570. வெள்ளி 65 ரூபாய் என்று போட்டால் 37,050. வட்டி போக 29,050. இதில் ஒரு பைசா வீட்டுச் செலவுக்குக் கொடுக்காமல் அப்படியே கட்டினால்கூட நாலு லட்சம் அடைய ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். வீட்டுக்கும் அனுப்ப வேண்டும் என்றால் இரண்டு வருஷ பெர்மிட் முடியும்போதுதான் கடன் முடியும். ஓ.டி. இல்லாத கம்பெனி என்றால் மறு பெர்மிட்டுக்கும் கடன் தொடரும். டிராவல்ஸ் கடையில் சொல்கிற 'ஐம்பதாயிரம் சம்பளம்' பொய்யில்லை, ஓ.டி.யையும் சேர்த்து, சாப்பாட்டையும் வட்டியையும் கழிக்காமல் சொன்ன தொகை அது.

சொன்ன சரக்கு வருகிறதா என்பதைப் போகிற முன்பே பார்க்க முடியும். சிங்கப்பூர் என்றால் ஐ.பி.ஏ. கடிதம்தான் எல்லாம். அடிப்படைச் சம்பளம், படி, பிடித்தம் மூன்றும் அதில் தனித்தனியாக எழுதியிருக்கும். தொழிலாளியின் தாய்மொழியிலும் ஒரு பிரதி கிளம்புமுன் அவர் கைக்கு வர வேண்டும். தமிழ்ப் பிரதியை ஏஜென்ட்டிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 'அது கம்பெனியில இருக்கும் தம்பி' என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கடிதம் அசல்தானா என்று சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் வேலைக்கான அனுமதி) என்று சொல்லிக் கூடுதலாகக் கேட்டால் ஒரே ஒரு சோதனை போதும்: 2025 செப்டம்பர் முதல் புதிய எஸ் பாஸுக்குக் குறைந்தபட்சத் தகுதிச் சம்பளம் 3,300 வெள்ளி. கையில் 1,200 வெள்ளிதான் வரும், மிச்சத்தைக் கம்பெனிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசுகிறார்கள் என்றால் அந்தப் பேரமே குற்றம். மாட்டினால் பையனின் பாஸும் போகும்.

துபாய், அபுதாபி, ஷார்ஜா என்றால் அந்நாட்டுத் தொழிலாளர் அமைச்சின் ஆஃபர் லெட்டரைத் தமிழிலும் எடுக்கலாம். அவர்கள் அனுமதித்த மொழிகளில் தமிழும் ஒன்று. இங்கே கையெழுத்துப் போட்ட சம்பளமும் அங்கே இறங்கியதும் நீட்டுகிற காகிதத்தில் இருக்கும் சம்பளமும் வேறாக இருப்பதுதான் வளைகுடாவின் பழைய வியாதி. இங்கேயே ஒரு நகலை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் பின்னால் தூதரகத்தில் பேச வாய் இருக்கும்.

பத்தாவது தேறாதவருக்கு ஈ.சி.ஆர்., அதாவது குடிபெயர்வுச் சோதனை தேவைப்படும் பாஸ்போர்ட். வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவருக்குக் குடிபெயர்வு அனுமதி வேண்டும். அதோடு பிரவாசி பாரதிய பீமா யோஜனா இன்ஷூரன்ஸும் கட்டாயம். இரண்டு வருஷத்துக்கு 275, மூன்று வருஷத்துக்கு 375, வரி தனி. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ பத்து லட்சம். கடை இதைச் சுற்றி வரும் வழி: டூரிஸ்ட் விசாவில் அனுப்பிவிட்டு 'போய் மாத்திக்கலாம்' என்பது. போய் மாற்ற முடியாதவர்கள் கணக்கில் வராத ஆளாக நிற்கிறார்கள். இன்ஷூரன்ஸ் இல்லை, ஒப்பந்தம் இல்லை, எந்தக் கம்பெனி என்று தூதரகத்துக்கே தெரியாது. தாய்லாந்து வழியாக 'டேட்டா என்ட்ரி வேலை' என்று கூட்டிப் போய் மியான்மர், கம்போடியா, லாவோஸ் மோசடிக் கூடாரங்களில் தள்ளுவது இதே ஓட்டை வழியாகத்தான். தாய்லாந்துக்கு விசா இல்லாமலே போகலாம் என்பதை 'விசா செலவு மிச்சம்' என்று விற்கிறார்கள். விசா இல்லாமல் போகிற நாட்டில் வேலை பார்க்க அனுமதியும் இல்லை என்பதைச் சொல்வதில்லை.

இரண்டு நிமிஷச் சோதனை: கடைக்காரரிடம் லைசன்ஸ் எண் கேளுங்கள். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அதைத் தட்டினால் நிறுவனத்தின் பெயர், முகவரி, நடப்பில் இருக்கிறதா என்பது வரும். வருகிற முகவரி சென்னையாக இருந்து, நீங்கள் நிற்பது திருத்துறைப்பூண்டியாக இருந்தால், பணத்தை அந்தச் சென்னை நிறுவனத்தின் வங்கிக் கணக்கில்தான் போடுவேன் என்று சொல்லுங்கள். முகம் மாறுகிறதா பாருங்கள். பாஸ்போர்ட் அசலை ஒருபோதும் விட்டுவிட்டு வராதீர்கள். ஆரம்ப வேலைக்கு நகல் போதும்.

தமிழ்நாடு அரசுக்கே 1978-லிருந்து ஓர் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் உண்டு. பதிவு செய்த ஏஜென்ட் போலவே ஆள் எடுக்கிறது. பிரச்சினை, அது சென்னையில் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இல்லை.

இரண்டாவது கவுண்டர்: மாவட்டத் தொழில் மையம்

விலையைப் பார்த்தால் இந்தக் கடையை அடித்துக்கொள்ள ஆளில்லை. காசு கொடுத்து ஆள் எடுக்கிற கடை இது. படித்த, வேலையில்லாத இளைஞர்களுக்கான யு.ஒய்.இ.ஜி.பி.யில் எட்டாவது தேறியிருந்தால் 15 லட்சம் வரையிலான திட்டத்துக்கு 25 சதவீத மானியம், உச்சம் 3.75 லட்சம். பன்னிரண்டாவதோ அதற்கு மேலோ படித்தவருக்கு 'நீட்ஸ்': 10 லட்சம் முதல் 5 கோடி வரை திட்டம், 25 சதவீதம் மானியம், உச்சம் 75 லட்சம், வட்டியிலும் 3 சதவீதம் குறைப்பு. பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம்: 35 சதவீதம், உச்சம் ஒன்றரைக் கோடி, வட்டியில் 6 சதவீதக் குறைப்பு. உணவுப் பொருள் சிறு தொழிலுக்கு பி.எம்.எஃப்.எம்.இ.: 35 சதவீதம், உச்சம் 10 லட்சம். வரம்புகள் அவ்வப்போது மாறும். போடுகிற அன்றைக்கு மையத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவற்றில் அதிகம் தவறவிடப்படுவது பி.எம்.இ.ஜி.பி. என்ற பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம். உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம், சேவைக்கு 20 லட்சம் வரை. கிராமத்தில் பொதுப் பிரிவுக்கு 25 சதவீதம், சிறப்புப் பிரிவுக்கு 35. சிறப்புப் பிரிவு என்றால் பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. மட்டும் என்று நினைத்துக்கொண்டு டெல்டாவில் பலர் பொதுவில் போடுகிறார்கள். இதர பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், முன்னாள் ராணுவத்தினர் எல்லாரும் அதில் சேர்த்தி. சாதிச் சான்றை இணைத்தால் மானியம் பத்து சதவீதம் கூடும். சொந்தமாகப் போட வேண்டிய பங்கும் பத்திலிருந்து ஐந்து சதவீதமாகக் குறையும்.

பத்து லட்சத்துக்குக் கிராமத்தில் ஒரு மரச்செக்கு எண்ணெய் யூனிட் என்று எடுத்துக்கொள்வோம், விண்ணப்பிக்கிறவர் பி.சி. சொந்தப் பங்கு 50,000. வங்கிக் கடன் 9.5 லட்சம். மானியம் 3.5 லட்சம். அது கைக்கு வராது. கடன் கணக்குள்ள வங்கியிலேயே மூன்று வருஷம் தனி வைப்பாக நிற்கும், அந்த அளவு கடனுக்கு வட்டி போடக் கூடாது, தொழில் ஓடுகிறது என்று நேரில் பார்த்தபின் கடனில் கழிப்பார்கள். ஆக உண்மைக் கடன் 6 லட்சம். 11 சதவீதத்துக்கு 5 வருஷம் என்றால் மாசத் தவணை 13,000 சொச்சம், அசலும் வட்டியும் சேர்ந்து. மேலே பார்த்த சிங்கப்பூர்க் கடனில் 8,000 வட்டிக்கு மட்டும் போனது, நினைவிருக்கட்டும்.

இவ்வளவு மலிவான சரக்கு ஏன் விற்கவில்லை? சேவை. உள்ளே போனால் கிடைக்கும் பதில், "ஆன்லைன்ல போடுங்க தம்பி." எந்தத் திட்டம் தனக்குப் பொருந்தும் என்று பையனுக்குத் தெரியாது. வெளியே ஜெராக்ஸ் கடையில் திட்ட அறிக்கை ஒன்றைக் காப்பியடித்துக் கொடுப்பார்கள். ஊர் பெயரும் ஆள் பெயரும் மட்டும் மாறியிருக்கும். மையம் வங்கிக்குப் பரிந்துரைக்கும். அதன்பிறகு மையத்தில் கேட்டால் 'பேங்க்ல பாருங்க', பேங்கில் கேட்டால் 'இன்னும் வரல'. டிராவல்ஸ்காரர் மாதிரி 'நானே ஃபோன் அடிக்கிறேன்' என்று சொல்ல இங்கே யாருக்கும் கமிஷன் இல்லை.

எங்கே உடைகிறது

வங்கி திருப்பி அனுப்புவதில் பல விண்ணப்பங்கள் சிபிலில், அதாவது பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டினோமா என்ற பதிவில் போகின்றன. டெல்டாவில் இதற்கு ஒரு தனி முகம் உண்டு: கல்விக் கடன். இன்ஜினியரிங் படிக்க எடுத்த கடன், வேலை கிடைக்காததால் கட்டாமல் விட்டது. அது வாராக்கடனாக நிற்கும்வரை எந்த மானியத் திட்டமும் உதவாது. முதலில் அந்த வங்கியில் போய் ஒருமுறைத் தீர்வோ மறுசீரமைப்போ பேசி, தீர்ந்த கடிதம் வாங்கி, சிபிலில் ஏறியதா என்று பார்த்த பிறகுதான் புது விண்ணப்பம். பைக் தவணை இரண்டு மாசம் தவறியிருந்தால் அதையும் நேர் செய்துவிட வேண்டும்.

அடுத்தது இடம். நிலத்தின் விலையைத் திட்டச் செலவில் சேர்க்க முடியாது. சொந்த இடமோ வாடகை ஒப்பந்தமோ வேண்டும். இங்கே பட்டா பெரும்பாலும் தாத்தா பெயரில், கூட்டுப் பட்டாவாக இருக்கும். அதைப் பிரிக்க அலைவதைவிட ரோட்டோரம் ஒரு ஷெட்டை ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் எடுப்பது வேகம். நஞ்சையில் ஷெட் போடலாம் என்று கிளம்பாதீர்கள். நிலப் பயன்பாட்டு மாற்றம் இல்லாமல் கட்டட அனுமதி நகராது.

கரண்ட். இணைப்புச் சுமை 12 கிலோவாட்டுக்குள் இருந்தால் குறுந்தொழிலுக்கான III-ஏ(1) கட்டணப் பிரிவு. தாண்டினால் III-பி, யூனிட் விலை கூடும். இரண்டு செக்கு, ஒரு கட்டர், ஒரு உலர்த்தி இதற்குள் அடங்கும். மெஷின்காரர் பெரிய மோட்டாராகப் போட்டுக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

கொட்டேஷன். சொந்தப் பங்கைப் போடாமல் தப்பிக்க மெஷின் விலையை ஏற்றி எழுதித் தருகிற சப்ளையர்கள் இருக்கிறார்கள். வங்கி நேராக அவருக்குத்தான் பணம் அனுப்பும். திரும்பித் தருவதாகச் சொன்ன பங்கு தவணை தவணையாக வரும் அல்லது வராது. அதைவிட மோசம், விலை ஏற்றியதில் நடைமுறை மூலதனத்துக்கு ஒதுக்க இடமே இல்லாமல் போவது. தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கும் செக்குகள் பெரும்பாலும் கெட்டுப்போன செக்குகள் இல்லை. கொப்பரை வாங்கக் காசில்லாத செக்குகள்.

அந்தக் கணக்கையும் போட்டுவிடுவோம். ஒரு நாளைக்கு 60 கிலோ கொப்பரை. பத்து கிலோவுக்கு ஐந்தரை லிட்டர் என்று குறைவாகவே வைத்தால் 33 லிட்டர். கொப்பரை கிலோ 200 என்றால் பதினைந்து நாள் சரக்குக்கே 1.8 லட்சம். புண்ணாக்கில் வருவதைக் கழித்தால் லிட்டருக்கு அடக்கம் 345 முதல் 350; பாட்டில், லேபிள், கரண்ட் சேர்த்தால் 365. சில்லறையில் 430-க்கு விற்றால் லிட்டருக்கு 65 நிற்கும். மளிகைக் கடைக்குப் போட்டால் அவர் 15 சதவீதம் எடுத்துக்கொள்வார். 430-ல் அது 64.50. கடைக்குப் போடுகிற லிட்டரில் மிஞ்சுவது எட்டணா. அதற்கும் முப்பது நாள் கடன். மாசம் 25 நாள் ஓட்டி, பாதியை நேராகவும் பாதியைக் கடை வழியாகவும் விற்றால் 27,000 வரும். தவணை 13,000, வாடகை 4,000 போனால் பத்தாயிரம். முதல் வருஷம் சிங்கப்பூர்க்காரனைவிடக் குறைவு. இதை மறைத்து 'உள்ளூரிலேயே லட்சம் சம்பாதிக்கலாம்' என்று பயிற்சி முகாம்களில் பேசுவது, டிராவல்ஸ்காரர் ஓ.டி.யைச் சேர்த்துச் சொல்வதற்குச் சமம்.

இதைத் தாண்ட ஒரு வழி, தென்னைப் பகுதியில் கூலிக்கு ஆட்டுவதில் தொடங்குவது. விவசாயி கொப்பரை கொண்டு வருவார், எண்ணெயும் புண்ணாக்கும் அவருக்கு, உங்களுக்குக் கிலோவுக்குக் கூலி. கிலோ 15 என்றாலும் 60 கிலோவுக்கு 900. சரக்கில் ஒரு ரூபாய் முடங்காது. ஆறு மாசம் இப்படி ஓட்டியபின் சொந்தச் சரக்குக்குப் போகலாம். கொப்பரையில் ஈரம் 6 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எண்ணெய் சீக்கிரம் காறும்; கந்தகப் புகை போட்ட கொப்பரையை வெள்ளையாக இருக்கிறதே என்று வாங்கிவிடக் கூடாது. உணவுப் பாதுகாப்பு அடிப்படைப் பதிவுக்கு வருஷம் 100 ரூபாய், சிறுதொழிலுக்கான உதயம் பதிவு இலவசம். இந்த இரண்டுக்கும் ஆயிரக்கணக்கில் கேட்கிற கடைகளைத் தாண்டிப் போய்விடுங்கள்.

மெஷினுக்குக் காசு கட்டும் முன் தஞ்சாவூர் புதுக்கோட்டை ரோட்டில் இருக்கிற நிஃப்டெம் என்ற உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு ஒரு நடை. நெல் பதப்படுத்தும் ஆய்வு மையமாக இருந்து வளர்ந்தது அது. இப்போது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம். தொழில் வளர்ப்பு மையமும் பரிசோதனைக் கூடமும் உண்டு. அவர்கள் மெஷினில் கட்டணம் கட்டிச் சிறு அளவில் சரக்கு எடுத்து, பரிசோதித்து, நாலு கடையில் வைத்துப் பார்க்கலாம். அவல், அரிசி மாவு, மாப்பிள்ளைச் சம்பா கஞ்சி மாவு, வாழைப்பழப் பொடி என்று எதை யோசித்தாலும் விற்கிறதா என்று தெரிந்தபின் கடன் எடுப்பதே முறை.

உணவுத் தொழிலையே திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2020-ன் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இங்கே உருக்காலை, தோல் பதனிடும் ஆலை, புதிய எண்ணெய் எரிவாயு ஆய்வு போன்றவற்றைத் தடுத்திருக்கிறது. வயலுக்கு அது நல்லது. அந்தத் தடைக்கு எதிர்ப்பக்கத்தில் வர வேண்டியது வேளாண் சார்ந்த வேலை. 2023 வேளாண் பட்ஜெட்டில் திருச்சி முதல் நாகப்பட்டினம் வரை வேளாண் தொழில் பெருந்தடம் என்று ஐந்து ஆண்டுக்கு 1,000 கோடி அறிவித்தார்கள். நெல் ரயில் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

மதிப்பெண்

டிராவல்ஸ் கவுண்டர்: வரவேற்புக்கு ஐந்துக்கு ஐந்து, விலைக்கு ஒன்று, சொன்ன சரக்குக்கு இரண்டு, பழுதுக்குப் பொறுப்பு பூஜ்யம். கையில் ஒரு தொழில் இருந்து, பதிவு பெற்ற ஏஜென்ட் வழியாக, 35,400-க்குள் கட்டி, தமிழ் ஐ.பி.ஏ.வோடு போகிறவருக்கு இந்த வழி இன்றைக்கும் லாபம்தான். வெல்டரும் எலக்ட்ரீஷியனும் தயங்க வேண்டியதில்லை. வட்டிக்கு வாங்கி, தொழில் தெரியாமல், டூரிஸ்ட் விசாவில் போகிறவருக்குப் பரிந்துரைக்கவே மாட்டோம்.

தொழில் மையம்: விலைக்கு ஐந்து, சரக்குக்கு நாலு, வரவேற்புக்கு ஒன்றரை, தொடர் கவனிப்புக்கு ஒன்று. ஒவ்வொரு ஒன்றியத்திலும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஆள், விண்ணப்பம் நிரப்பவும் வங்கிக்குக் கூட வரவும், கடன் கைக்கு வந்தால் மட்டும் ஊக்கத்தொகை என்று வைத்தால் இந்த மதிப்பெண் ஒரே வருஷத்தில் மாறும். அதுவரை பையனே அவனுக்கு ஏஜென்ட். வங்கி மேலாளரைத் திட்ட அறிக்கை போடுவதற்கு முன்பே ஒருமுறை போய்ப் பார்த்து, இந்தக் கிளையில் இந்தத் தொழிலுக்குக் கொடுப்பீர்களா என்று கேட்டுவிட வேண்டும். அவர் தலையாட்டிய கிளையின் பெயரைத்தான் விண்ணப்பத்தில் போட வேண்டும். இந்தப் பத்து லட்சம் அளவிலான சிறுதொழில் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி; பத்திரம் கொண்டு வாருங்கள் என்றால் அதை மரியாதையாக நினைவூட்டலாம். விண்ணப்ப எண், பரிந்துரைக் கடித நகல், எந்தத் தேதியில் யாரிடம் கேட்டோம் என்பதெல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். தொழில்முனைவோர் பயிற்சியை முடித்த சான்றும் அதில். அது இல்லாமல் மானியம் விடுபடாது.

போகிற நேரமும் முக்கியம். டிராவல்ஸ் கடைக்குச் சீசன் தை, மாசி: சம்பா அறுத்து வீட்டில் பணம் புழங்கும், போஸ்டரும் அப்போதுதான் முளைக்கும். தொழில் மையத்துக்கு அந்த மாசங்களில் போனால் வருஷ இலக்கு முடிந்துவிட்டது என்பார்கள், வங்கியும் மார்ச் கணக்கில் மூழ்கியிருக்கும். சித்திரை பிறந்ததும் புது இலக்கு வரும். ஏப்ரலில் போட்ட விண்ணப்பம் மேட்டூர் திறக்கும்போது வங்கி மேசையில் இருக்க வேண்டும்.